நின்னுடுச்சு

"இல்ல சித்தி, அழாதீங்க. அப்பா சாகல. உயிரோடதான் இருக்கார்."

அந்தப் பக்கம் அழுகை பாதியில் அறுந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னடி சொல்ற? இப்பத்தானே உன் வீட்டுக்காரர் போன் பண்ணி, எல்லாம் முடிஞ்சிடுச்சு சித்தின்னு ஓன்னு அழுதார்?"

"அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார்."

"நான் பஸ்ல ஏறி உக்காந்துட்டேனே. ஜன்னலோர சீட்டு வேற."

"இறங்கிடுங்க சித்தி."

"நடு ரோட்டுல எப்படிடி இறங்கறது?" சித்தியின் குரலில் துக்கம் போய் எரிச்சல் வந்து, அதுவும் போய்ச் சிரிப்பு வந்தது. "சரி விடு. செத்துட்டதா சேதி பரவினா ஆயுசு கூடும்னு சொல்வாங்க. உங்கப்பன் இனி லேசுல போகமாட்டான், பாரு."

பாப்பா போனை அணைத்துவிட்டு அடுத்த பெயரைத் தேடினாள். முன்னந்தலையில் நரை விழுந்து, பெற்ற மகள் கல்லூரிக்குப் போகிற காலத்திலும் வீட்டில் அவள் பாப்பாதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் ஏதோ நடந்துவிடும் என்று ஒரு பயம். காலையிலிருந்து நிற்கவே இல்லை.

ஓரத்து நாற்காலியில் அவள் புருஷன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். யார் வீட்டில் என்ன நடந்தாலும் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவதற்கு முன் ஊருக்குத் தெரிய வேண்டும் அவனுக்கு. நல்ல மனுஷன்தான், வாய்தான் கதவில்லாத வீடு. இப்போது அந்த ரேடியோ வாயடைத்துக் கிடந்தது.

நடந்தது இதுதான். ஊரே வாத்தியார் என்று கூப்பிடும் அப்பாவுக்கு இடுப்பெலும்பின் அடியில் ஒரு கட்டி. ஆயுள் முழுக்கக் கார் சீட்டில் உட்கார்ந்த வலி என்று அவர் நினைத்திருந்தார், தேங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அது வேறு என்று தெரிந்தது. நேற்று அதை வெட்டி எடுத்தார்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினார். விடியும் நேரத்தில் காயத்திலிருந்து வரும் குழாயின் பாட்டில் மளமளவென்று சிவப்பாக நிறைய ஆரம்பித்தது. உள்ளே ஓடினார்கள், வெளியே ஓடினார்கள். பாப்பா ரத்த வங்கிக்கு ஓடினாள். அம்மா முகம் கழுவப் போயிருந்தாள். கதவருகே ரேடியோ மட்டும். அந்த நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, "நின்னுடுச்சு!" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு உள்ளே மறைந்தாள்.

எது நின்றது என்று சொல்லவில்லை. எழுவாயை விழுங்கிவிட்டுப் பயனிலையை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டாள் மகராசி. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் ஈரம். வேர்வையாக இருக்கலாம் என்று ரேடியோவுக்குத் தோன்றவில்லை. அவன் போனை எடுத்தான்.

நின்றது ரத்தம்.

பாப்பா ரத்தப் பைகளோடு திரும்பி வந்து, அவற்றை உள்ளே கொடுத்துவிட்டு மூச்சு வாங்கி நின்றபோது டாக்டரம்மா வெளியே வந்தார். தொப்பிக்குள்ளிருந்து முடி ஒன்று பிரிந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"தொடை வழியா ஒரு மெல்லிசு குழாய் விட்டிருக்கோம். வயித்துக்குள்ள போற பெரிய ரத்தக்குழாய் இருக்கில்ல, அதுக்குள்ள ஒரு சின்ன பலூனை ஊதி அடைச்சிருக்கோம். அதுக்குக் கீழ ரத்தம் போகாது. அதான் கசிவு நின்னிருக்கு."

"பலூனா?" என்றாள் அம்மா. முகத்தில் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப அது பிரேக்கு மாதிரியா டாக்டர்?"

டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். "பிரேக்குதான். ஆனா ரொம்ப நேரம் மிதிச்சுக்கிட்டே இருக்க முடியாதும்மா. காலுக்கும் ரத்தம் வேணுமே. வண்டி நிக்கறப்பவே ரிப்பேர் பண்ணிடணும். இப்ப தியேட்டருக்குக் கொண்டுபோறோம்."

அம்மா தலையாட்டினாள். பிரேக் என்றால் அந்த வீட்டில் எல்லாருக்கும் விளங்கும்.

வாத்தியார் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பழகுகிறவர் ஓட்டும் பக்கம் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்கு ஒரு பிரேக். பாதி ஊருக்கு அவர் கால்தான் உயிர் கொடுத்தது என்று சொல்வார்கள். பழக்கம் அப்படி ஊறிப்போனதில் பஸ்ஸில் போனாலும், டிவியில் ஒரு கார் வேகமாகத் திரும்பினாலும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வலது கால் செருப்பு மட்டும் தேயும். பாப்பாவின் கைப்பைக்குள் இப்போதும் அவருடைய செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி இருந்தது, இடது புதிதுபோல, வலது காகிதம்போல.

அந்தக் கால் அவர் பெற்ற மகனையும் விடவில்லை. அண்ணன் அப்பாவிடமே பழகி, அப்பாவோடேயே சேர்ந்து சொல்லிக்கொடுத்தவன். ஒரு நாள் பழக வந்தவர்களைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஒரு லாரியை முந்தினான். அப்பா நடு ரோட்டில் பிரேக்கை மிதித்து நிறுத்தி, "நீ ஓட்டற வண்டில பொணந்தான்டா ஏறும்," என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். அண்ணன் சாவியை டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். அடுத்த மாதமே எதிர்வாடையில் சொந்தமாக ஒரு பள்ளி திறந்தான். பெயர்ப் பலகையின் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "இங்கே திட்டாமல் கற்றுத்தரப்படும்."

தெருவே சிரித்தது. வாத்தியார் ரோட்டைக் கடந்துபோய், பலகையின் முன்னால் நின்று, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் நிதானமாகப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். "என் மூச்சு நிக்கிற வரைக்கும் அவன் என் முன்னாடி வரக்கூடாது," என்றார். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது. "நின்னா சொல்லி அனுப்பு பாப்பா, வர்றேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் கடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கே போய்விட்டான்.

போன வாரம் ஆபரேஷன் விஷயத்தை அவள் சொன்னபோதும் அதே பிடிவாதம். "மூச்சு இருக்கில்ல? அப்புறம் நான் எதுக்கு?" என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டு, "அவருக்கும் எனக்கும் ஒரே குரூப்பு ரத்தம். வேணும்னா இங்க குடுக்கறேன், அங்க அனுப்பற மாதிரி ஏதாவது வழி இருக்கான்னு கேளு," என்றான். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்த விரல் அண்ணன் பெயரில் வந்து நின்றது. பாப்பா புருஷனிடம் போனாள்.

"என்னங்க, அண்ணனுக்கும் சொல்லிட்டீங்களா?"

"முதல்ல அவருக்குத்தான் சொன்னேன். மகனுக்குத்தானே முதல்ல சொல்லணும்?" ரேடியோ நிமிரவில்லை.

"என்ன சொன்னான்?"

"எப்பன்னு கேட்டார். அப்புறம், கிளம்பறேன்னார்."

"கிளம்பறேன்னானா?"

"கார்லயே வந்துடறேன்னார். கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"நீங்க போனைக் கீழ வைங்க முதல்ல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலைப்பை உதறி, மெதுவாக மடியில் போட்டுக்கொண்டாள்.

"சொல்லாத," என்றாள்.

"அம்மா."

"உயிரோட இருக்கார்னு சொன்னா அவன் அங்கயே வண்டியத் திருப்பிடுவான். எனக்குத் தெரியாதா நான் பெத்தத? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க. ஒரு பொய் சொல்லி ஒரு பிள்ளையக் கொண்டாரக் கூடாதா? நாம பொய்கூட சொல்லல. உண்மைய சொல்லல, அவ்வளவுதான். வந்து நிக்கட்டும். இவரு கண்ணத் தொறந்து பாக்கட்டும். திட்டறதுக்காவது வாயத் தொறப்பார்ல?"

அந்தக் கணத்தில் பாப்பாவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ரேடியோவின் வாய் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது என்று நினைத்தாள். அப்பா பிழைத்து, அண்ணனும் வந்துவிட்டால்! மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள்.

கதவுகள் இரண்டும் திறந்து அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாயில் குழாய், கழுத்தில் குழாய், தலைமாட்டில் தொங்கும் ரத்தப் பை. ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்களோடு சேர்ந்து ஓடி, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தைத் தொட்டாள். தொட்டவுடன் கையை இழுத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. உயிருள்ள மனுஷனின் கால் இல்லை அது.

"பயப்படாதீங்கக்கா," என்றாள் நர்ஸ், ஓடிக்கொண்டே. காலையில் எழுவாயை விழுங்கிய அதே நர்ஸ். "பலூன் அடைச்சிருக்கில்ல, கீழ ரத்தம் போகல. அதான் சில்லுனு இருக்கு. தொறந்து விட்டதும் சூடு வந்துடும்."

லிஃப்ட் மூடிக்கொண்டது.

காத்திருப்பதைப்போல் கொடுமை கிடையாது. அவள் தியேட்டர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். ஜன்னலில் கீழே கார் நிறுத்துமிடம் தெரிந்தது. ஒவ்வொரு கார் நுழையும்போதும் அண்ணன் வண்டியோ என்று பார்த்தாள். உள்ளே பலூனைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கிறார்களாம், கசிந்தால் மறுபடி ஊதி அடைக்கிறார்களாம், ஒவ்வொரு ரத்தக்குழாயாகக் கட்டுகிறார்களாம். வெளியே வந்த ஒரு பையன் இதைச் சொல்லிவிட்டு இன்னும் ரத்தம் கேட்டுப் போனான். மிதிப்பதும் விடுவதுமாக ஒரு கால் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அது அப்பாவின் கால் இல்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

உச்சிவேளைக்கு டாக்டரம்மா வந்தார். "பலூனை முழுசாத் தளர்த்தியாச்சு. இப்போதைக்குக் கசிவு இல்ல. ஆனா குழாயை எடுக்கல, அப்படியே விட்டிருக்கோம். நிறைய ரத்தம் போயிருக்கு, அதனால இன்னைக்கு முழுக்கக் கண்டம்தான்," என்றார். அம்மாவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. எழுந்து டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் பாப்பாவை மட்டும் உள்ளே விட்டார்கள். நேராகக் கால்மாட்டுக்குப் போனாள். பாதத்தைப் பிடித்தாள். சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் கால்போலக் கொதித்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்பா." அவர் இமை துடித்தது. பாதி திறந்தது. "அப்பா, அண்ணன் வந்துட்டிருக்கான்பா."

அவள் கைக்குள் இருந்த வலது பாதம் அசைந்தது. மெல்ல முன்னால் வந்து அவள் உள்ளங்கையை அழுத்தியது. அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு விட்டது.

அது பிரேக். அதில் சந்தேகமில்லை. ஆனால் வராதே என்கிறாரா, மெதுவாக வரச் சொல் என்கிறாரா? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது.

வெளியே வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள். இனி மறைக்க முடியாது, சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டாள்.

"சொல்லு பாப்பா." பின்னால் கண்ணாடி டம்ளர்கள் உரசும் சத்தம். "டீ குடிக்க நிறுத்தியிருக்கேன். பக்கத்துலயே ஒரு சலூன் இருந்துச்சு. தாடியும் அதுவுமா அவர் முன்னாடி வந்து நிக்க வேண்டாம்னு ஷேவ் பண்ணிக்கிட்டேன். உயிரோட இருந்தப்போ அதுக்கும் திட்டுவார்."

"அண்ணா, சீக்கிரம் வா."

"என்ன அவசரம்? அவர் எங்க எழுந்து போகப்போறார் இனிமே?"

அவள் வாயைத் திறந்தாள். உயிரோட இருக்காருண்ணா, என் கையை மிதிச்சார். தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், கண்ணால் கெஞ்சினாள். இவ்வளவு தூரம் வந்தவன். இன்னும் கொஞ்ச வழிதான் பாக்கி. திருப்பிவிட்டால்?

"அம்மா தேடறா," என்றாள் பாப்பா.

"வர்றேன்னு சொல்லு."

போனை வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் விடாமல் கத்தியது. நர்ஸ்கள் ஓடினார்கள். காலையில் ஓடியதுபோல இல்லை இது. கதவு ஆடி அடங்கிய இடைவெளியில் பாட்டில் மறுபடி சிவப்பாக நிறைவதைப் பார்த்தாள். "உறையவே மாட்டேங்குது" என்று ஒரு குரல். "ஊது, ஊது, பலூனை ஊது" என்று இன்னொரு குரல். பாப்பா வாசலில் நின்றபடி தன் வலது காலால் தரையை அழுத்தினாள். பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். கட்டைவிரல் வெளுத்துப்போனது.

சத்தம் ஓய்ந்தது. நர்ஸ் வெளியே வந்தாள்.

"நின்னுடுச்சுக்கா."

"எதும்மா?" என்றாள் பாப்பா.

நர்ஸ் முகமூடியைக் கழற்றினாள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சின்ன முகம் என்று பாப்பாவுக்கு அதுவரை தெரியாது.

அம்மா கத்தவில்லை. "போயிட்டீங்களா," என்று மட்டும், பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ரேடியோ போனைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் சித்தியைக் கூப்பிட்டான். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு வைத்தான்.

"என்ன சொன்னாங்க?"

"போய் வேலையப் பாருங்க மாப்ள, ஒரு தடவைதான் ஏமாறுவேன்னு சொல்லி வெச்சுட்டாங்க."

குழாய்களை எல்லாம் எடுத்து, முகத்தைத் துடைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, அப்பாவை ஓரத்து அறை ஒன்றில் வைத்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். துணியை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பாப்பா ஜன்னலுக்குப் போனாள், கதவுக்குப் போனாள், திரும்ப வந்தாள்.

அண்ணன் உள்ளே வந்தபோது அவள் முதலில் பார்த்தது வழவழவென்றிருந்த கன்னத்தைத்தான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் பின்சீட்டில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, கீழே வண்டியை நிறுத்திய பிறகு மாற்றியிருக்க வேண்டும், ஒரு கசங்கல் இல்லை. காதோரம் நன்றாக நரைத்திருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். நெருங்கிப் போகவில்லை. கால்மாட்டிலேயே நின்றான்.

"வழி பூரா அவர் சொன்ன மாதிரியே ஓட்டினேன் பாப்பா," என்றான். சின்னப் பையன் மதிப்பெண் சொல்வதுபோல் இருந்தது குரல். "எங்கயும் வேகம் தாண்டல. ஒருத்தனையும் முந்தல. பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சான், திட்டினான். போடான்னு விட்டுட்டேன். இன்னைக்கு ஒரு நாளாவது அவர் பேச்சக் கேப்போமேன்னு."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் குனிந்து துணிக்கு மேலேயே பாதங்களைத் தடவினான். பிறகு துணியை விலக்கி, வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் அப்படியே நின்றான்.

"சூடா இருக்கே."

ரேடியோ வாயைத் திறந்தான். பாப்பா அவனைப் பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது முதல் தடவை.

"காலையிலயேன்னு மாப்ள சொன்னாரே," என்றான் அண்ணன்.

"உன் கை சூடா இருக்குண்ணா," என்றாள் பாப்பா. குரல் அவளுடையதுபோலவே இல்லை. "வெயில்ல ஓட்டிட்டு வந்திருக்க."

அவன் அவளைப் பார்த்தான். அம்மாவின் முதுகைப் பார்த்தான். கையில் இருந்த பாதத்தைப் பார்த்தான். தேய்ந்து பளபளத்த அந்தக் குதிகாலைக் கட்டைவிரலால் ஒரு முறை வருடினான். பாப்பா அவன் கேட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள், கேட்டுவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

கதவு திறந்து, காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "கீழ கொண்டுபோகலாங்களா?" என்றார் தாழ்ந்த குரலில்.

அண்ணன் பாதத்தை விடவில்லை.

"இருங்க," என்றான். "இன்னும் ஆறல."

வந்தவர் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தள்ளுவண்டியின் சக்கரத்துப் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு, சுவரோரம் நின்றுகொண்டார்.